அவ்விடம் நலமா?

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவருக்குப் பிரேக் மாஸ்டர் என்று பெயர். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. மாணவர்கள் ஸ்டீயரிங்கைத் தொடும் முன்பே அவர் கால் அந்தப் பிரேக்மேல் போய் உட்கார்ந்துவிடும் என்பதால் வந்த பெயர். இத்தனை வருடத்தில் ஒரு சைக்கிளைக்கூட உரசவிட்டதில்லை. அப்படிப்பட்டவர் ஒருநாள் சிக்னலில் பிரேக்கை மறந்து, முன்னால் நின்ற பால் வண்டியில் காரை முட்டவிட்டார். அந்த நொடியில் அவருடைய கவனம் முழுக்க வேறோர் இடத்தில் இருந்தது. அந்த இடம் அரித்துக்கொண்டிருந்தது.

"மாஸ்டர், ஏன் இப்படி நெளியறீங்க?" என்று கேட்டார் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த மாணவி, வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அம்மா.

"சீட்டுல ஸ்பிரிங் குத்துதும்மா."

பள்ளி முதலாளி நல்ல மனிதர். மறுநாளே சீட்டை மாற்றிவிட்டார். அரிப்பு புதுச் சீட்டிலும் கூடவே ஏறி உட்கார்ந்துகொண்டது.

மருந்துக்கடையில் "எங்க அரிப்பு?" என்று கேட்டார்கள். பக்கத்தில் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். "தொடையில," என்றார். ஒரு ட்யூபை எடுத்துக் கொடுத்தார்கள். போட்டதும் குளுகுளுவென்று இருந்தது. ஒரு வாரம் சொர்க்கம். அப்புறம் முன்னைவிடச் சிவந்து, தோல் கீறல்விட்டு, வெள்ளையாக மாவு போலப் படிய ஆரம்பித்தது. கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து கழுவிப் பார்த்தார். குளியலறையிலிருந்து வந்த அலறலைக் கேட்டு மனைவி கதவைத் தட்டினாள்.

"ஒண்ணுமில்ல. சோப்பு கண்ணுல பட்டுடுச்சு."

மனைவி ஒன்றும் அறியாதவள் இல்லை. கண்ணில் சோப்பு பட்டவன் காலை அகட்டி நடப்பதில்லை என்பது அவளுக்குத் தெரியும். இரண்டு பேரும் கட்டிலின் இரண்டு ஓரத்தில் முதுகைக் காட்டிப் படுக்க ஆரம்பித்துச் சில வாரம் ஆனதும், அவள் துணிகளைப் பையில் எடுத்து வைத்தாள்.

"அக்கா வீட்டுல இருக்கேன். நீங்க டாக்டரைப் பாருங்க. என்ன வியாதி, எதனால வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்லுங்க. அதுக்கப்புறம் பேசுவோம்."

"நான் எந்தத் தப்பும் பண்ணலடீ."

"நான் அதைக் கேக்கல. எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

அவர் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனாள். ஆக, பிரேக் மாஸ்டருக்கு வேண்டியது ஒரே ஒரு விஷயம்: இது என்ன என்று யாராவது ஒரு டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். இதைவிடச் சின்ன ஆசை ஒரு மனிதனுக்கு இருக்க முடியாது என்றுதான் அவர் நினைத்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆண்கள் நலப் பிரிவு திறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வாசலில் ஒரு கம்பீரமான ஆணின் படம், இடுப்போடு முடிந்துவிடும். உள்ளே சுவரெங்கும் ஆண்கள்: ஓடும் ஆண், சிரிக்கும் ஆண், கைகட்டி நிற்கும் ஆண். யாருக்கும் இடுப்புக்குக் கீழே எதுவும் வரையப்படவில்லை. ஓடும் ஆண்கூட இடுப்பு வரைக்கும்தான் ஓடிக்கொண்டிருந்தான்.

அதற்குக் காரணம் பிரிவுத் தலைவர் கொண்டுவந்த கண்ணிய விதி. தொப்புளுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே உள்ள எதையும் பிரிவின் எல்லைக்குள் எவரும் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது. பிறகு எப்படித்தான் அழைப்பது? அதற்கு ஒரு குழு அமைத்தார்கள். 'உறுப்பு' என்று சொல்லலாமே என்றார் ஒருவர். அப்படியானால் குழுவின் உறுப்பினர்களாகிய நாம் யார் என்று இன்னொருவர் கேட்டதும் அது கைவிடப்பட்டது. 'கீழே' என்று வைத்துப் பார்த்தார்கள். கீழே வலிக்கிறது என்றவர்களையெல்லாம் தரைத்தளத்துக்கு அனுப்பிவிட்டார்கள். 'அந்தரங்கம்' என்ற சொல்லை ஊழியர்களின் ரகசியக் கோப்புப் பிரிவு விட்டுக்கொடுக்க மறுத்துவிட்டது. கடைசியில் ஒருமனதாக முடிவானது 'இடம்'. மரியாதை கருதி, எழுத்தில் 'அவ்விடம்'.

பதிவு கவுண்ட்டரில் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அம்மா. கண்ணாடியில் பேச ஒரு மைக். மைக்கின் ஒலிபெருக்கி நோயாளிகள் உட்காரும் கூடத்தில்.

"என்ன பிரச்சினை?" என்று கூடம் முழுக்கக் கேட்டது.

பிரேக் மாஸ்டர் கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிக்கொண்டு, "அந்த இடத்துல அரிப்பு," என்றார்.

"சத்தமா சொல்லுங்க, விழல."

"அந்த இடத்துல அரிப்பும்மா!"

கூடத்தில் உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் கூரையைப் பார்த்தார்கள்.

"இடம்... அரிப்பு..." என்று அந்த அம்மா கணினியில் தட்டினார். அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று கணினி சொல்ல, அதைப் படித்தார். "கசிவு இருக்கா?"

"லேசா."

"பூஞ்சை மாதிரி ஏதாச்சும் படியுதா?"

"வெள்ளையா படியுது." அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. எவ்வளவு சரியாகக் கேட்கிறார்கள்!

"வெளிப்புறமா, உட்புறமா?"

யோசித்தார். "ரெண்டுக்கும் நடுவுலம்மா."

"அப்ப சந்துலன்னு போட்டுடறேன். போய் உக்காருங்க, கூப்பிடுவாங்க."

கூப்பிட்டவர் பிரிவுத் தலைவரேதான். கனிவான முகம். மின்விசிறியைப் பார்த்தபடியே பேசும் வழக்கம் உள்ளவர்.

"உக்காருங்க. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இங்க வெக்கப்படவே கூடாது. வெக்கத்தை ஒழிக்கத்தான் இந்தப் பிரிவே. சொல்லுங்க, இடம் எப்படி இருக்கு?"

"சிவந்து போயிருக்கு சார். தோலை..."

"போதும், போதும். புரிஞ்சுது."

"ஒரு தடவை பாத்துடறீங்களா சார்?"

"எதை?"

"இடத்தை."

தலைவர் மின்விசிறியிலிருந்து கண்ணை எடுக்காமல் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "இது பாக்கிற பிரிவு இல்லப்பா. விழிப்புணர்வுப் பிரிவு. நாங்க பாக்க ஆரம்பிச்சா, விழிப்புணர்வு ஊட்ட நேரம் ஏது? சரி, கேக்கறதுக்கு உண்மையா பதில் சொல்லணும். வெளிய போற பழக்கம் உண்டா?"

"உண்டு சார். காலையில ஆறு மணிக்கே போயிடுவேன்."

தலைவர் கண் முதல்முறையாகக் கீழே இறங்கியது. "தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை லீவு."

"ஒரே ஆளோடயா?"

"ஒரே ஆளா இருந்தா எப்படிக் கட்டுப்படியாகும்? ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேர் வருவாங்க. இப்பல்லாம் லேடீஸ்தான் ஜாஸ்தி. ஆரம்பத்துல பயப்படுவாங்க. நான் பக்கத்துல உக்காந்து பொறுமையா சொல்லிக் கொடுப்பேன். பழகிட்டாங்கன்னா அவங்களே தனியாப் போக ஆரம்பிச்சுடுவாங்க."

"கடவுளே... பாதுகாப்பு?"

"என் பக்கம் தனியா பிரேக் இருக்கு சார்."

தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மருந்துச்சீட்டில் 'ஒழுக்க ஆலோசனை, உடனடியாக' என்று எழுதினார்.

ஒழுக்க ஆலோசனை மாடியில் நடந்தது. கூடத்தில் பார்த்த அதே ஆண்கள் அங்கேயும் இருந்தார்கள். ஒருவர்கூட நேராக உட்காரவில்லை. மேசைமேல் பாடம் நடத்த ஓர் ஆண் பொம்மை நின்றது. அதற்குக் கால்சட்டை போட்டு, இடுப்பைச் சுற்றி ஊசி நூலால் தைத்திருந்தார்கள். ஆலோசகர் அதன் தோளைத் தட்டி, "மனசு சுத்தமா இருந்தா இடமும் சுத்தமா இருக்கும்," என்றார். "மனசுல அரிப்பு இல்ல சார்," என்று பின்வரிசையில் ஒருவர் முனகினார். வகுப்பு முடிந்ததும் ஆளுக்கு ஒரு 'சுத்த மனசு' பேட்ஜ் குத்திவிட்டார்கள். மாஸ்டர் அதைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பேருந்தில் நின்றபடியே வீடு திரும்பினார். உட்கார முடியவில்லை.

நாட்கள் ஓடின. மனைவி போனை எடுத்தால், "டாக்டர் பாத்தாரா?" என்பாள். "பாக்கப் போறாங்க," என்பார். "சரி, பாத்ததும் சொல்லுங்க," என்று வைத்துவிடுவாள். அவள் குரலில் இருப்பது கோபமா, வேறு ஏதாவதா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

இந்த நிலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு போன் வந்தது.

"சார், உங்க புகார் எங்ககிட்ட வந்திருக்கு. இடத்துல அரிப்பு, கசிவு, பூஞ்சைன்னு போட்டிருக்கு. சரியா?"

"ஆமா சார்! ஆமா!"

"இடம் இப்ப எங்க இருக்கு?"

"எங்கிட்டதான் சார்."

"உங்க பேர்லயா இருக்கு?"

குழப்பமாக இருந்தாலும், "பொறந்ததுலேர்ந்து என்னோடதுதான்," என்றார்.

"பரம்பரையா வந்ததா, சரி. எத்தனை வருஷமா பராமரிப்பு இல்லாம விட்டிருக்கீங்க?"

"அப்படியெல்லாம் விடல சார். தினம் கழுவறேன்."

"தண்ணி நிக்க விட்டுருப்பீங்க. சரி, நேர்ல பாக்காம ஒண்ணும் சொல்ல முடியாது. நாளைக்குக் காலையில வாங்க, தரைத்தளம், கடைசி ரூம். அளவும் எடுத்துடலாம்."

"அளவெல்லாம் எதுக்கு சார்?"

"அளவு தெரியாம எப்படி சார் எஸ்டிமேட் போடறது?"

விசேஷ வைத்தியம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். நேரில் பார்க்கிறோம் என்று சொன்ன முதல் மனிதர் அவர். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் என்ன கேட்டாலும் கொடுக்க மாஸ்டர் தயாராக இருந்தார்.

கடைசி அறையின் வாசலில் 'கட்டடப் பராமரிப்பு' என்று எழுதியிருந்தது. உடம்பையும் கட்டடம் என்று சொல்வதுண்டு என்பதால் மாஸ்டருக்குச் சந்தேகம் வரவில்லை. கண்ணிய விதியின் இன்னொரு நயம் என்று எடுத்துக்கொண்டார். உள்ளே ஒருவர் தலையில் பிளாஸ்டிக் தொப்பி, கையில் டார்ச், இடுப்பில் டேப்போடு நின்றிருந்தார்.

"வாங்க சார். நேரத்தை வீணாக்க வேண்டாம். இடத்தைக் காட்டுங்க."

இத்தனை வாரம் காத்திருந்த மனிதன். ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. பெல்ட்டைக் கழற்றினார்.

அந்தக் கட்டடத்தில் வெகுகாலத்துக்குப் பிறகு ஒரு மனிதர் வாய்விட்டுக் கத்திய சத்தம் நான்கு மாடிக்கும் கேட்டது. கத்திய கட்டடப் பொறியாளர் அன்று மாலையே அறிக்கை கொடுத்துவிட்டார்: 'மேற்படி இடம் உரிமையாளரால் நேரில் காட்டப்பட்டது. பழுது உண்மை. எனினும் சிமெண்ட் பூச்சுக்கு உகந்த பரப்பு அல்ல.'

விஷயம் பிரிவுத் தலைவர் காதுக்குப் போனது. வேறொருவராக இருந்தால் வெட்கப்பட்டிருப்பார். அவர்தான் வெட்கத்தை ஒழித்தவர் ஆயிற்றே. மாஸ்டரை அழைத்துத் தோளில் கைபோட்டார்.

"ரெண்டு துறை உங்களைக் கவனிச்சிருக்கு. எத்தனை பேருக்கு இந்த பாக்கியம் கிடைக்கும்? வர்ற வெள்ளிக்கிழமை விழிப்புணர்வு வார நிறைவு விழா. பயனாளின்னு மேடையில நீங்க நன்றி சொல்லணும்."

"இன்னும் பயனே கிடைக்கலையே சார்."

"நன்றி சொன்னா அன்னிக்கே ஒரு டாக்டர் பாப்பாங்க. நான் பொறுப்பு."

மாஸ்டர் மனைவிக்குப் போன் செய்தார். "வெள்ளிக்கிழமை தெரிஞ்சிடும். நீயும் வா. நான் வந்து சொன்னா நம்புவியோ மாட்டியோ, டாக்டர் வாயாலயே கேட்டுக்கோ." எத்தனை மணிக்கு என்று கேட்டாள். பிறகு, "வர்றேன்," என்றாள்.

விழா மேடையில் பெரிய பேனர்: 'மௌனத்தை உடைப்போம்!' அதன் கீழே, பழைய கடிதங்களில் எழுதுவது போல, அழகான எழுத்தில்: 'இவ்விடம் யாவரும் நலம். அவ்விடம் நலமா?' கூடம் நிறைய ஆண்கள், எல்லோரும் பழைய முகங்கள். கடைசி வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மனைவி. மேடை ஓரத்தில், பூங்கொத்துத் தட்டை ஏந்தியபடி ஓர் இளம் பெண் டாக்டர். அந்தப் பிரிவின் ஒரே தோல்நோய் நிபுணர் அவர்தான். ஆண் நோயாளிகளைப் பெண் டாக்டர் பார்ப்பது கண்ணியக் குறைவு என்பதால் அவருக்குத் தட்டு கொடுத்திருந்தார்கள்.

தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"நம் ஆண்கள் வாய் திறப்பதில்லை. ஏன்? வெட்கம்! அந்த... அது சம்பந்தமான... தங்களுக்கே புரியும்... அப்படிப்பட்ட விஷயங்களை ஒளிவுமறைவின்றிப் பேசும் ஒரே பிரிவு நம்முடையது. நண்பர்களே, தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை நம் பிரிவில் ஒரு தொற்றுநோய்கூடக் கண்டுபிடிக்கப்படவில்லை! மற்ற ஆஸ்பத்திரிகளில் நூற்றுக்கணக்கில் கண்டுபிடிக்கிறார்கள். காரணம் என்ன? அவர்கள் பார்க்கிறார்கள். பார்த்தால் இருக்கத்தான் செய்யும்!"

பலத்த கைதட்டல். உட்கார முடியாதவர்கள் நின்று தட்டினார்கள். அதைத் தலைவர் தமக்கான மரியாதை என்று எடுத்துக்கொண்டு கும்பிட்டார்.

"இப்போது நம் பயனாளி பேசுவார்."

மாஸ்டர் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். 'அவ்விடம் தற்போது நலம். அனைவருக்கும் நன்றி' என்று இருந்தது. அவர் தாளைப் பார்த்தார். கடைசி வரிசையைப் பார்த்தார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், என்ன வரப்போகிறதோ என்று கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தபடி. நலம் என்று படித்துவிட்டால் அவளிடம் போய் என்ன சொல்வது? இத்தனை நாள் எல்லாருக்கும் பிரேக் போட்டுப் போட்டுப் பழகியவர், பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

"எனக்கு ஆணுறுப்புல அரிப்பு," என்றார்.

மைக் நல்ல மைக். சொல் கூடத்தின் நான்கு சுவரிலும் போய் முட்டித் திரும்பி வந்தது. தலைவர் மின்விசிறியைத் தேடினார். அங்கே குளிர்சாதனம்தான் இருந்தது.

"முனைத்தோலைப் பின்னால தள்ளினா எரியுது. வெள்ளையா படியுது. நான் தப்பு எதுவும் பண்ணல. அப்படியே பண்ணியிருந்தாலும் வைத்தியம் பாக்கத்தானே வேணும்? இங்க வர ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆகப்போகுது. இதுவரைக்கும் இதைப் பாத்த ஒரே ஆளு உங்க இன்ஜினியர்தான். அவரும் சிமெண்ட் நிக்காதுன்னுட்டாரு."

யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் மெல்லக் கை தூக்கினார். "எனக்கும் அங்கதான்," என்றார். "எனக்கு சொட்டுச் சொட்டா சீழ் வருதுங்க," என்றார் பின்னாலிருந்து ஒருவர், ஏதோ பேருந்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைச் சொல்வது போல. அப்புறம் கைகள் எழுந்துகொண்டே இருந்தன. தொற்றே இல்லாத பிரிவில் அத்தனை தொற்று எங்கே ஒளிந்திருந்ததோ.

பெண் டாக்டர் பூத்தட்டைத் தலைவர் மடியில் வைத்தார். "எல்லாரும் வரிசையா வாங்க. முதல்ல நீங்க வாங்க மாஸ்டர்."

பக்கத்து அறையில் அவர் கையுறையை மாட்டிக்கொண்டு, திரையை இழுத்துவிட்டு, பார்த்தார். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

"பூஞ்சைத் தொற்று. கடையில வாங்கின க்ரீம் எதுவும் போட்டீங்களா?"

"போட்டேம்மா. கிருமிநாசினி கலந்தும் கழுவினேன்."

"அதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும். முதல்ல அடங்கின மாதிரி காட்டிட்டு, அப்புறம் வளர்த்துவிடும். தூக்கிப் போடுங்க. கிருமிநாசினியும் வேண்டாம், சோப்பும் வேண்டாம். வெறும் தண்ணியில கழுவி ஈரமில்லாம துடைச்சாப் போதும். வேற மருந்து எழுதறேன். ரொம்ப தாகம் எடுக்குதா? அடிக்கடி ஒண்ணுக்கு வருதா?"

"வருது. கார்ல உக்காரவே முடியல."

விரலில் ஊசி குத்தி, சின்னக் கருவியில் ஒரு சொட்டு ரத்தம் வைத்தார். பார்த்துவிட்டு அவர் பக்கம் திருப்பினார். "சுகர் ஏகப்பட்டது இருக்கு. அதுதான் பூஞ்சைக்குச் சாப்பாடு. அதைக் கட்டுப்படுத்தாம என்ன தடவினாலும் திரும்பத் திரும்ப வரும். லேப்லயும் ரத்தம் கொடுத்துடுங்க. மத்த டெஸ்டும் எழுதறேன், யாரையும் சந்தேகப்பட்டு இல்ல, எல்லாருக்கும் எடுக்கறதுதான். ஆனா இதுக்குத் தப்பு பண்ணியிருக்கணும்னு அவசியமே இல்ல."

மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதை வெளிய ஒருத்தி உக்காந்திருக்கா, அவகிட்ட சொல்றீங்களாம்மா?"

அதற்குள் வாசலில் பூத்தட்டோடு தலைவர். "டாக்டர், உங்களுக்கு மெமோ கொடுக்கப் போறேன். ஆணைப் பாத்திருக்கீங்க. போதாததுக்கு உங்க முன்னால அந்த வார்த்தை பேசப்பட்டிருக்கு. நீங்களும் அதைக் கேட்டுக்கிட்டு நின்னிருக்கீங்க."

"எந்த வார்த்தை சார்?"

"அதான்... அந்த வார்த்தை."

"மெமோவுல வார்த்தையைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுங்க சார். பதில் தர்றேன்."

தலைவர் பேனாவை எடுத்தார். எழுதாமலே பையில் வைத்தார். கண்ணிய விதியை எழுதியவரே அவர்தான். தட்டை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

டாக்டர் அறைக்கு எதிரே இருந்த லேப்பின் வாசல் பெஞ்சில் மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். டாக்டர் சொன்னதையெல்லாம் அவர் ஒன்று விடாமல் சொன்னார். பூஞ்சை, சுகர், தப்பு எதுவும் இல்லை. அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னும் என்னடீ? நம்பலையா?"

"உங்களை எப்ப நான் சந்தேகப்பட்டேன்?" மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கும் இருக்குங்க. உங்களுக்கு முன்னாலயே இருந்துச்சு. என்னாலதான் உங்களுக்கு வந்துடுச்சோ, நீங்க என்னைத் தப்பா நினைச்சுடுவீங்களோன்னுதான் அக்கா வீட்டுக்குப் போனேன்."

ஒரே கட்டிலின் இரண்டு ஓரத்தில் இரண்டு பேரும் ஒரே அரிப்பைத் தனித்தனியாகச் சொறிந்துகொண்டு படுத்திருந்திருக்கிறார்கள்.

"உனக்கு எங்க?" என்றார், கேட்கத் தெரியாமல் கேட்டு.

அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு அவர் காதருகே குனிந்து, கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல்முறையாக, அதன் பெயரைச் சொன்னாள்.

டாக்டர் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். "அடுத்தது யாரு?"

வரிசையில் நின்ற அத்தனை ஆண்களுக்கும் முன்னால், கையைத் தூக்கிக்கொண்டு அவள் எழுந்தாள்.